வெண்டிலேட்டரும் திருமண் பாதமும்

"வெண்டிலேட்டர்ல இருக்காராமே?" என்று போனில் கேட்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் கேட்பார்கள். குரல் தானாக இறங்கிவிடும். கடைசியில் ஒரு இழுப்பு இருக்கும். அடுத்தபடியாக எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று கேட்டுவிடுவார்களோ என்றுகூட எனக்குத் தோன்றும்.

"ஆமாம், இருக்கார். மாவடு உப்புக் கரிக்கறதுன்னு என்னோட சண்டை போட்டுண்டிருக்கார். அவர்கிட்ட குடுக்கட்டுமா?" என்பேன். மறுமுனையில் தடுமாறிப்போவார்கள். அந்தத் தடுமாற்றத்தில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் உண்டு. சினிமாவிலும் நியூஸிலும் பார்த்துப் பார்த்து வெண்டிலேட்டர் என்றாலே கதை முடிந்தது என்று ஜனங்கள் முடிவு கட்டி வைத்திருக்கிறார்கள். என் வீட்டில் அது கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில், அவருடைய மூக்குக் கண்ணாடிக்கும் நியூஸ் பேப்பருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

என் கணவர் ரயில்வேயில் கண்ட்ரோல் ரூமில் வேலை பார்த்தவர். எந்த வண்டியை எங்கே நிறுத்துவது, எதை முன்னால் விடுவது என்று நாள் பூராவும் போனில் சொல்லிக்கொண்டே இருக்கிற உத்தியோகம். நேரில் பார்க்காத ஸ்டேஷன் மாஸ்டர்கள்கூடக் குரலை வைத்தே அவரை அடையாளம் கண்டுகொள்வார்கள். ரிட்டயரான பிறகும் அந்தக் குரல் ரிட்டயர் ஆகவில்லை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் ஃப்ளாட்டின் கீழே பால்காரர் வண்டியை நிறுத்தினால், மூன்றாவது மாடியிலிருந்து இவர் குரல் கொடுப்பது தெருக்கோடிவரை கேட்கும்.

தசைகள் மெல்ல மெல்லப் பலமிழந்து போகிற வியாதி அவருக்கு. முதலில் மாடிப்படி ஏற முடியாமல் போனது. பிறகு சட்டைப் பொத்தான். அதற்கப்புறம்தான் மூச்சு. காலையில் எழுந்தால் தலைவலி, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தூக்கம். ஒருநாள் கையில் காபி டம்ளரோடு அப்படியே சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். நெஞ்சுத் தசை சோர்ந்துவிட்டதால் மூச்சை முழுதாக இழுத்துவிட முடியவில்லை, கெட்ட காற்று வெளியே போகாமல் ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது, அதுதான் தூக்கமும் தலைவலியும். ராத்திரி பூராவும் மெஷின் மாஸ்க் வழியாகக் காற்றைத் தள்ளிக் கொடுத்தால் போதும், வீட்டிலேயே இருக்கலாம் என்றார்.

ஆஸ்பத்திரியில் மாஸ்க் போட்ட மறுநாளே மனுஷருக்குத் தெளிவு வந்துவிட்டது. கேன்டீன் இட்லியைப் பற்றிக் குறை சொல்ல ஆரம்பித்தார். எனக்கு அழுகையே வந்தது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வாரம் மாஸ்க்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டார். "பஸ் ஃபுட்போர்டுல தொங்கிண்டு போற மாதிரி இருக்குடி. வாய் நிறையக் காத்து" என்றார். அவருக்கு அது மூச்சு முட்டுகிற சாமான். எனக்கு அது அவர் மூச்சு முட்டாமல் இருக்க வந்த சாமான். இரண்டு பேரும் ஒரே மெஷினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம், ஆனால் அந்த வாரம் பூராவும் ஒருவர் சொல்வது இன்னொருவர் காதில் ஏறவில்லை. "கண்ட்ரோல்ல இருந்தவர்தானே? மெஷின் லைன் க்ளியர் குடுத்தாத்தான் உங்க மூச்சு கிளம்பணும், அதுக்கு முன்னாடி கிளம்பாதேங்கோ" என்று கடைசியில் நான் எரிச்சலில் கத்தினேன். அது அவருக்குச் சட்டென்று பிடித்துப்போனது. அன்றைக்கு மெஷின் தள்ளும்போது இழுத்து, அது விடும்போது விட்டுப் பழகினார்.

மெஷினின் மற்ற வேலையெல்லாம் என்னுடையது. தண்ணீர்த் தொட்டியில் சுத்தத் தண்ணீர் ஊற்றுவது, குழாயைக் கழுவி நிழலில் காயப்போடுவது, ஃபில்டரைத் தட்டுவது, கரண்ட் போனால் இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டதா என்று பார்ப்பது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவதை நிறுத்தினேன். எத்தனையோ வருஷம் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்தேன், அங்கே கற்றுக்கொள்ளாத நுணுக்கத்தையெல்லாம் இந்த மெஷினிடம் கற்றேன். சமையலறையில் சாத்தமுதுக்கு, ரசத்தைத்தான் அப்படிச் சொல்வோம், தாளித்துக்கொண்டிருக்கும்போதே, உள்ளே ஓடுகிற காற்றின் சத்தத்தை வைத்து மாஸ்க் நகர்ந்துவிட்டதா, வாயைத் திறந்துவிட்டாரா என்று சொல்லிவிடுவேன். சும்மா சொல்லக்கூடாது, அதில் எனக்குக் கர்வம்தான்.

அந்தக் கர்வத்துக்குத்தான் அடி விழுந்தது. சில வாரங்களில் மெஷின் கத்த ஆரம்பித்தது. மாஸ்க்கில் காற்று கசிகிறது என்று திரையில் சிவப்பாக எழுத்து வரும். மூக்குத்தண்டின் இரண்டு பக்கமும் காற்று சீறி அவர் கண்ணில் அடிக்கும். காலையில் கண் சிவந்து கிடக்கும். நான் மாஸ்க்கின் பட்டையை இழுத்து இழுத்துக் கட்டினேன். மூக்கின் மேல் புண் வந்ததுதான் மிச்சம், கசிவு நிற்கவில்லை.

மெஷின் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். பெரிய மாஸ்க் போட்டுப் பார்த்தார், சின்ன மாஸ்க் போட்டுப் பார்த்தார். மெஷினில் பதிவாகியிருந்ததைத் தன் லேப்டாப்பில் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரியில லீக்கே இல்லைங்கம்மா. வீட்டுக்கு வந்தப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமா ஏறியிருக்கு. நீங்க ஸ்ட்ராப்பு சரியா மாட்டலை போலிருக்கு" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் சர்வீஸில் ஒரு மேனேஜர்கூட என்னைப் பார்த்து, நீங்கள் சரியாகச் செய்யவில்லை என்று சொன்னதில்லை. "நீங்களே மாட்டிக் காட்டுங்கோ" என்றேன். அவர் மாட்டினார். மெஷின் கத்தியது. திரும்ப மாட்டினார். திரும்பக் கத்தியது. "மூஞ்சி வாகு அப்படிங்க" என்று சொல்லிவிட்டு, கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

இதற்குள் தலைவலி திரும்ப வந்துவிட்டது. பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு அதன் மேலேயே தூங்கிப்போவார். தில்லைநகரில் டாக்டரம்மாவிடம் ரத்தம் பார்த்தார்கள். கெட்ட காற்று பழையபடி ஏறியிருந்தது. டாக்டரம்மா நிதானமாகத்தான் பேசினார். "மாஸ்க் உங்களுக்குச் சரியா உட்கார மாட்டேங்குது. அடுத்த மாசம் இன்னொரு தடவை பார்ப்போம். அப்பவும் குறையலைன்னா கழுத்துல சின்னதா துளை போட்டு, குழாய் வச்சு, அது வழியாத்தான் மெஷினை மாட்டணும்."

"பேச முடியுமா?" என்று கேட்டார் இவர். வேறொன்றும் கேட்கவில்லை.

"சில பேருக்கு முடியும். உங்க தசை இருக்கிற நிலைமையில உறுதியாச் சொல்ல முடியலைங்க."

ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பினோம். காவிரிப் பாலத்தில் டாக்ஸி மெதுவாக ஊர்ந்தபோது, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "கண்ட்ரோலருக்குக் குரல் போனா மிச்சம் என்னடி இருக்கு?" என்றார். என் பயத்தை வெளியே காட்டிக்கொள்ளாமல், "மாவடு உப்பா இருக்குன்னு எழுதிக் காட்டுங்கோ" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நான் சொன்னதில் எனக்கே ருசி இல்லை.

இந்த இடத்தில் திருமண் என்கிற நாமத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இவர் குடும்பம் தென்கலை ஐயங்கார். நெற்றியில் இரண்டு வெள்ளைக் கோடு, நடுவில் சிவப்பு, கீழே மூக்கின் மேல் இறங்குகிற ஒரு பாதம். நான் பிறந்த வீடு வடகலை. எங்களுக்கு நாமம் புருவத்து நடுவிலேயே வளைந்து நின்றுவிடும், பாதம் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து இதை வைத்து ஒருவரை ஒருவர் சீண்டிக்கொள்ளாத பண்டிகை கிடையாது. "உங்காத்துப் பெருமாள் நிக்க இடமில்லாம தொங்கறார்" என்பார். "உங்காத்துப் பெருமாள் மூக்குல காலை நீட்டிண்டு உட்காந்திருக்கார்" என்பேன்.

வியாதி வந்து கை தளர்ந்த பிறகும் திருமண்ணை அவரே இட்டுக்கொள்வார். காலையில் குளித்ததும் ஒரு தடவை, சாயங்காலம் முகம் கைகால் அலம்பி ஒரு தடவை. சாப்பாட்டு மேஜையில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, முழங்கையை மேஜையில் ஊன்றி, ஒரு கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு, உள்ளங்கையில் குழைத்த மண்ணைத் தொட்டுத் தொட்டு மெதுவாக இழுப்பார். வேர்த்துவிடும். சட்டை நான் போட்டுவிட வேண்டும், சாதம் நான் பிசைந்து ஊட்ட வேண்டும், ஆனால் இதில் மட்டும் நான் கிட்டே போகக்கூடாது. அவர் தன் கையால் செய்துகொள்கிற காரியம் அது ஒன்றுதான் பாக்கி இருந்தது. கை தளரத் தளர, நடுக்கத்தை மறைப்பதற்காக மண்ணை இன்னும் தாராளமாகக் குழைத்துக்கொள்வார், பாதம் வரவரத் தடித்து இறங்கும்.

டாக்டரம்மா கெடு வைத்த சில நாளில் இவருக்குக் காய்ச்சல் வந்தது. குளிக்க வேண்டாம் என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். குளிக்காமல் திருமண் இட்டுக்கொள்ள மாட்டார். வெறும் நெற்றியோடு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்தார். அன்றைக்கு மெஷின் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. மறுநாளும் கத்தவில்லை. காய்ச்சலோடு கிடந்த மனுஷர் காலையில் தலைவலி இல்லை என்றார். கஞ்சியில் உப்புப் போதவில்லை என்று குரலை உயர்த்திச் சொன்னார். நான் பட்டையைப் புது மாதிரியாக ஒன்றும் கட்டவில்லை. மாஸ்க்கும் அதே மாஸ்க்.

காய்ச்சல் விட்டது. குளித்தார். ஆசை தீரத் திருமண் இட்டுக்கொண்டார். அன்றைக்கே மெஷின் பழைய ஊளையை ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் காலையில் மாஸ்க்கைக் கழுவ எடுத்துக்கொண்டு போனேன். குழாயடியில் நின்றபோதுதான் கவனித்தேன். மூக்குத்தண்டில் உட்காருகிற மெத்தென்ற ரப்பர் விளிம்பில், சரியாக நடுவில், வெள்ளையாக ஒரு தடம். தினமும் இருப்பதுதான். தோல் வறண்டு உதிர்கிறது என்று நினைத்து நானும் தினமும் சோப்புப் போட்டு அலம்பிக்கொண்டிருந்தேன். விரலால் தேய்த்துப் பார்த்தேன். மண். காய்ந்து வெடித்த பாதத்தின் மேல் ரப்பர் எப்படி ஒட்டி உட்காரும்? இண்டு இடுக்கெல்லாம் காற்று போகாமல் என்ன செய்யும்? ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒவ்வொரு தடவையும் ஈரப் பஞ்சால் முகத்தை அழுந்தத் துடைத்துவிட்டுத்தான் மாஸ்க் மாட்டுவாள். அங்கே ஏன் கசியவில்லை என்பதும் அப்போது புரிந்துவிட்டது. ஈரக் கையோடு அங்கேயே நின்று சிரித்தேன். சிரித்து முடித்ததும் பயம் வந்தது, இதை அவரிடம் யார் சொல்வது?

நான்தான் சொன்னேன். மாஸ்க்கைக் கண்ணெதிரில் நீட்டி, "பாருங்கோ, உங்க பெருமாள் பாதம்தான் காத்தை வெளில விடறது. சாயங்காலம் திருமண் வேண்டாம். காலம்பற மட்டும் இட்டுக்கோங்கோ" என்றேன்.

முகம் இறுகிவிட்டது. "பூணூல் போட்டதுலேர்ந்து விடாம இட்டுண்டு வரேன். சட்டையை நீ மாட்டறே, சோத்தை நீ ஊட்டறே, மூச்சை மெஷின் விடறது. இதையும் எடுத்துக்கறேளா எல்லாரும்?"

"அப்போ கழுத்துல ஓட்டை போட்டுக்கோங்கோ! பேச்சே போகட்டும்! நான் ஒருத்தியா இந்த ஆத்துல யாரோட சண்டை போடுவேன்?" என்று கத்திவிட்டேன். கத்திய வேகத்தில் அழுதும்விட்டேன். எனக்கு அவர் குரல் வேண்டும். காலையிலிருந்து ராத்திரிவரை என்னை விரட்டுகிற அந்தக் குரல் இல்லாமல் எனக்கு இந்த வீட்டில் இருக்கத் தெரியாது. அதை அப்படியே அவரிடம் சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மாதிரி ஒரு வார்த்தை நான் சொன்னதே கிடையாது. நான் உள்ளே போய் வத்தக்குழம்புக்குப் புளியைக் கரைத்தேன்.

சாயங்காலம் வழக்கம்போல மேஜையில் உட்கார்ந்தார். கண்ணாடியைச் சாய்த்தார். கையைத் தாங்கிக்கொண்டு முழுத் திருமண்ணும் இட்டுக்கொண்டார், பாதம் உட்பட. நான் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டுகளை எடுத்து வைத்தேன். பெருமாளைச் சேவித்துவிட்டு, சாப்பிட்டு, வாய் கொப்பளித்தார். மாஸ்க் மாட்டும் நேரத்தில், "ஒரு ஈரத்துணி கொண்டா" என்றார்.

கொண்டுவந்து கொடுத்தேன். கண்ணாடியைப் பார்த்து, நெற்றியில் இருந்ததைத் தொடாமல், மூக்கின் மேல் இருந்த பாதத்தை மட்டும் தானே அழுத்தித் துடைத்தார். திரும்பத் திரும்பத் துடைத்தார். நான் உதவிக்குப் போகவில்லை.

"பெருமாளுக்கே ராத்திரி அலங்காரம் களைஞ்சுட்டுத்தானே நடை சாத்தறா. எனக்கென்ன வந்தது?" என்றார், என்னைப் பார்க்காமல்.

நான் கிட்டே போய் அவர் முகத்தைப் பார்த்தேன். பாதம் போன பிறகு, மிச்சம் இருந்தது புருவத்தோடு நின்றது. எங்கள் அப்பா, பெரியப்பா முகத்தில் பார்த்த மாதிரியே இருந்தது. "என்ன இருந்தாலும் கடைசில எங்காத்துப் பக்கம் வந்து சேந்தேளே!" என்றேன்.

ஒரு நிமிஷம் முறைத்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் அவருக்கு மூச்சு வாங்கும், வாங்கியது. நான் மாஸ்க்கை வைத்து, பட்டையை இழுத்துக் கட்டாமல் சாதாரணமாக மாட்டினேன். மெஷின் சத்தம் இல்லாமல் ஓடியது. மாஸ்க்குக்குள்ளிருந்து, "காலம்பறக்குள்ள திரும்பத் தென்கலை ஆயிடுவேன்" என்று குரல் வந்தது.

அடுத்த மாசம் ரத்தம் பார்த்தபோது கெட்ட காற்று இறங்கியிருந்தது. டாக்டரம்மா மெஷின் பதிவைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டார். கசிவுக் கோடு ஒரு நாளோடு சட்டென்று படுத்துவிட்டிருந்தது. "இந்த இடத்துல என்ன பண்ணினீங்க?" என்று கேட்டார். கம்பெனிக்காரரும் அன்றைக்கு அங்கேதான் இருந்தார். நான் சொல்ல வாய் திறப்பதற்குள் இவர், தன் கண்ட்ரோல் ரூம் குரலில், பக்கத்து அறைவரை கேட்கிற மாதிரி, "என் ஆத்துக்காரி கண்டுபிடிச்சா" என்று ஆரம்பித்து, திருமண், பாதம், வெள்ளைத் தடம் எல்லாவற்றையும் சொன்னார். மூச்சு வாங்கும் இடங்களில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"இனிமே எல்லார் வீட்லயும் நெத்தியைப் பார்த்துட்டுத்தாங்கம்மா மாஸ்க் மாட்டுவேன்" என்றார் கம்பெனிக்காரர். நல்ல மனுஷர். அவரை நான் மன்னித்துவிட்டேன். உடனே இல்லை, ஆனாலும் மன்னித்துவிட்டேன்.

துளைப் பேச்சு அதோடு நின்றது. அதற்கப்புறம் புதிதாக மெஷின் வாங்கிப் போகிறவர்களிடம் டாக்டரம்மா எங்கள் நம்பரைக் கொடுக்க ஆரம்பித்தார். ஒருநாள் அரியமங்கலத்திலிருந்து ஒரு அம்மா பேசினார்கள். அந்த அம்மாவின் வீட்டுக்காரர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். "மாஸ்க்கைப் புடுங்கி எறியிறாருங்கம்மா. போட்டாலும் புஸ்ஸு புஸ்ஸுனு காத்து போவுதுங்க. நான்தான் சரியா மாட்டலைன்னு திட்டுறாருங்க" என்று சொல்லும்போது அந்தக் குரல் உடைந்தது.

எனக்குத் தெரியாத வலியா அது? "முதல்ல கண்ணைத் தொடைங்க. நீங்க சரியாத்தான் மாட்டியிருப்பீங்க. மாட்றதுக்கு முன்னாடி மூஞ்சியில என்ன போடறார், அதைச் சொல்லுங்க" என்றேன்.

"விபூதி நெத்தியிலதாங்க. மூக்குக்கு வராது. வேற ஒண்ணுமில்லையே… ஆங், குளிச்சிட்டு வந்து பவுடர் போடுவாருங்க. மொகம் பூராவும். அது இல்லாம இருக்க மாட்டாரு."

"பவுடரை நிறுத்துங்க" என்றேன். அதற்குள் இவர் போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி, அந்த மனுஷரைக் கூப்பிடச் சொன்னார். "ஐயா, நான் திருமண்ணோட பாதத்தையே தொடச்சிருக்கேன். நீங்க பவுடரைத் தியாகம் பண்ணப்படாதா?" என்று கேட்டார். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. பிறகு மெஷின் தள்ளும்போது எப்படி இழுப்பது, விடும்போது எப்படி விடுவது என்று வண்டிக்கு லைன் கொடுக்கிற மாதிரியே சொல்லிக் கொடுத்தார். பேசி முடித்து மாஸ்க்குக்காக மூக்கை நீட்டியபோது இவர் களைத்துத்தான் போயிருந்தார். ஆனாலும் முகத்தில் பழைய ட்யூட்டி முடித்து வந்த நிறைவு.

வியாதி அதுபாட்டுக்கு அதன் வேலையைச் செய்கிறது, அதை மறைப்பானேன். இந்த வருஷம் கை மேஜையிலிருந்தே எழும்பவில்லை. ஒருநாள் காலையில் கண்ணாடிக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, "ஏய், வடகலை, இங்க வா" என்று கூப்பிட்டார். போனேன். கண்ணால் மண்ணைக் காட்டினார். முகத்தை என் பக்கம் நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்.

என் பிறந்த வீட்டில் யாரும் பாதம் போட்டதில்லை. எனக்குக் கை ஓடவில்லை. மண்ணைக் குழைத்து முதல் கோட்டை இழுத்தேன். கண்ணை மூடியபடியே, "கோணலாப் போறதே. கொஞ்சம் இடது பக்கம். இன்னும். ஆங், நிறுத்து. பாதம் கீழ இறங்கணும், பயப்படாம இழு" என்று குரல் கொடுத்தார். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக.

தினமும் அப்படித்தான். தினமும் குறைதான். நானும் தினமும், "வாயை மூடுங்கோ, கோடு அசையறது" என்பேன். அவர் மூடுவதில்லை.